கிளாப்பர் வீட்டுக் கதவு

கிளாப்பர் என்ற தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடி, ஷிஃப்ரா இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து தாத்தா பிறந்த போலந்து ஊருக்கு வந்திருந்தாள். யூத ஜெப ஆலயத்தின் காவலர் ஹெனெக் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“கிளாப்பர்னா தட்டுறவர். ஊரைத் தூங்கவிடாத பரம்பரைம்மா உங்களுது! விடியறதுக்கு முன்னாடி மரச்சுத்தியலோட கிளம்பி, வீட்டுக்கு வீடு மூணு தட்டு தட்டி ஜெபத்துக்கு எழுப்புவாங்க. யாராவது செத்திருந்தா மட்டும் ரெண்டு தட்டோட நிறுத்திக்குவாங்க.”

“இப்ப யாரு தட்டுறாங்க?”

“தட்டுனா எழுந்து வர என்னை விட்டா இங்க யூதன் யாரு இருக்கான்?”

மறுநாள் விடியலில் தெருக்கோடியிலிருந்து சத்தம் கதவு கதவாக நெருங்கி வந்தது. ஒவ்வொரு கதவிலும் இரண்டு தட்டு. அவள் தங்கியிருந்த வீட்டிலும் இரண்டு. ஹெனெக்குக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஜன்னலைத் திறந்தாள். வெறிச்சோடிய தெருவில் கோட்டைப் போர்த்திக்கொண்டு ஹெனெக் நின்றிருந்தார்.

“உங்களுக்கும் கேட்டுச்சாம்மா?”

அவள் கைபேசி அடித்தது. ஹைஃபாவிலிருந்து அப்பா.

“நம்ம வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்கடி. திறந்தா ஆளைக் காணோம்.”

“எத்தனை தட்டுப்பா?”

“ரெண்டு. அதுக்கென்ன இப்ப?”

“அம்மா எங்க?”

“தூங்குறா. இந்தச் சத்தத்துக்கும் எழுந்திரிக்கல பாரேன். இரு, எழுப்புறேன்.”

அப்பாவின் செருப்புச் சத்தம் படுக்கையறைப் பக்கம் மெல்ல நகர்ந்தது.