வெள்ளிக்கிழமை பிடித்த மீன்

1992 புரட்டாசி. மால்டா விடுமுறையின் கடைசி நாள், ஆறு பேர் போகும் மீன்பிடிப் படகில் நானும் மனைவி சிவமலரும் ஏறினோம். என் தூண்டிலில் ஒரு சிவப்பு மீன் அகப்பட்டது. கழற்றும்போது அதன் உதடு கிழிந்தது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ!" என்றாள் சிவமலர். வெள்ளியில் நாங்கள் மச்சம் தொடமாட்டோம்.

"அப்ப நாளைக்கு வா" என்று மீனிடம் சொல்லிக் கடலில் விட்டேன். அன்று மாலையே விமானம் ஏறி விம்பிள்டன் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

காலையில் முகம் கழுவினேன். குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. குளியல்தொட்டி நிரம்பியிருந்தது. அதில் உதடு கிழிந்த சிவப்பு மீன், என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

"இண்டைக்குப் புரட்டாசிச் சனி, விரதம்..." என்று அதனிடம் தொடங்கினேன்.

சிவமலர் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"சொன்ன சொல்லுக்கு வந்து நிக்குது. இனியும் தவணை சொல்லாதேங்கோ."