ஓரத்து முடிச்சு

சாக்குக்குள் இருப்பது மண்டோர் காளியண்ணன்தான் என்று தோட்டத்து லயமே முடிவு கட்டிவிட்டது. வேலையாட்களை மேய்க்கிற கங்காணி; கள்ளுக்கடையில் போலீஸ்காரர்களோடு கூடிக் குலாவுகிற ஆள். மூன்று நாளாகக் கண்ணிலேயே படவில்லை. வேறு யாராக இருக்க முடியும்?

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் திடலில் ஜீப்பு நின்றது. அதற்குள் தலையிலிருந்து முழங்கால்வரை கோணிச் சாக்கு மாட்டிய உருவம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தோட்டத்துச் சனம் ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு மேலும் கீழும் ஆடினால் அந்த ஆள் லோரியில் ஏற வேண்டியதுதான். பிறகு சிறை. அப்புறம் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல். கம்யூனிஸ்ட்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டத்தில் கேள்வி முறை கிடையாது.

இன்றைக்கு ஏறப்போவது தான்தான் என்று இசபெல்லுக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள் அவள். சுங்கை செம்பிலாங் பக்கத்துச் சதுப்பில் சுடப்பட்டுச் செத்துக் கிடந்த கம்யூனிஸ்ட்டின் தொடையில் ஒரு கட்டு இருந்திருக்கிறது. முடிச்சைக் காயத்தின் மேல் போடாமல் ஓரமாகப் போட்டு, நுனியை உள்ளே செருகிய கட்டு.

அது ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ஸர் செல்லையா சொல்லிக்கொடுத்த முடிச்சு. போலீசுக்கு யாரோ ஓதிவிட்டார்கள். முந்தாநாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிச் சாவி இசபெல்லின் முந்தானையில்தான் இருந்தது. திறக்க மனம் வரவில்லை.

வரிசையில் கடைசி ஆள் இசபெல். அவளுக்கு முன்னால் நின்ற நல்லம்மாள், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே திரும்பிக் கிசுகிசுத்தாள்.

"அவரைத்தான் ஏற்கெனவே புடிச்சிட்டாங்களே. ஐயா போட்ட கட்டுன்னு சொல்லிட்டுப் போ லா."

"சொல்ல மாட்டேங்க்கா. ஐயா அந்த ஆளக் கண்ணாலயும் பாக்கல. போட்டது நான்."

"வீணா செத்துப்போவடி."

"போறேன்."

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரி வேலைக்குக் கூட்டி வந்தவரே செல்லையாதான். முதல் நாள் ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மரத்துக்குக் காயம் படாம பால் எடுக்குற கை இது. இதுக்கு மனுசத் தோலு ஒரு பெரிய விசயமா?" என்றார் அவர். "காயம்னு வந்தவன் மூஞ்சியப் பாக்காத. மொதல்ல காயத்தப் பாரு."

அன்றிலிருந்து அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். பெரிய ஆஸ்பத்திரியில் படித்த நர்சுகளைக் கூப்பிடும் பேர் அது. மரம் சீவிய பெண்ணை அப்படிக் கூப்பிடத் தோட்டத்தில் வேறு ஒருவருக்கும் வாய் வராது.

வரிசை நகர்ந்தது. சாக்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தது. ஒருவர்கூட லோரியில் ஏறவில்லை.

நல்லம்மாள் போய் நின்றதும் சாக்கு அசையாமல் நின்றுவிட்டது. ஓட்டைக் கண்கள் அவள் காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்தன. "பாரு, எவ கால்ல கட்டு இருக்குன்னு பாக்குறான் படுபாவி" என்று சனம் முணுமுணுத்தது. கட்டை வைத்துத்தானே ஆளைத் தேடுகிறார்கள். நெடுநேரம் கழித்து, இல்லை என்று சாக்கு ஆடியது.

இசபெல் போய் நின்றாள்.

"என்னா மண்டோரே, உள்ள ரொம்ப வேர்க்குதா?" திடல் முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டாள். "மூஞ்சிய மூடிக்கிட்டு ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு? நீங்க தலைய ஆட்ட வேணாம். நானே சொல்லிடறேன்."

சாக்கு வேகவேகமாக இடமும் வலமும் ஆடியது.

வெள்ளைக்கார அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. சாக்கைப் பார்த்து ஏதோ கத்தினார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "ஆளைக் காட்டுறேன்னு சொல்லித்தானே வந்த? இவதான் கடைசி. எங்க ஆளு?"

இசபெல் அதிகாரியின் பக்கம் திரும்பித் தலையை நிமிர்த்தினாள்.

"தொரை, அந்தக் கட்டப் போட்டது..."

"நான்" என்றது சாக்கு.

உருவம் எழுந்து நின்றது. சாக்கைத் தலைவழியே உருவி அதிகாரியின் காலடியில் எறிந்தது. முகம் வீங்கி, உதடு கிழிந்திருந்தது. அதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லம்மா காலு சீழ் வச்சிருக்கு. போய் ஆஸ்பத்திரியத் தொற, மிஸ்ஸி."