உரத்துச் சொல்லுங்கோ, பிள்ளை!

"பிள்ளை, இந்த ஸ்டார்ட் பட்டன் எங்கை போட்டுது? மூலையில எல்லோ கிடந்தது!"

புஷ்பராஜ் போட்ட சத்தம் அலுவலகம் முழுக்கக் கேட்டது. கீழே, காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மிதுனா எழுந்து போனாள். காலையிலிருந்து இது பதினோராவது கேள்வி.

"அது இப்ப நடுவில, அங்கிள். நேற்றும் நடுவிலதான் இருந்தது."

"இருபது வருசமா மூலையில இருந்ததைத் தூக்கி நடுவில வைச்சால் மனிசன் என்ன செய்யிறது?"

கொழும்பு வெள்ளவத்தையில் அது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். வெளிநாடு போகிறவர்கள் பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களோடு படியேறி வருவார்கள். தட்டெழுதுவதற்கு இரண்டே பேர். புஷ்பராஜ், பக்கத்து மேசையில் நாகேஸ்வரி. இந்த மாதம்தான் பழைய கொம்பியூட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார்கள். திரையில் இருந்ததெல்லாம் இடம் மாறிப்போயிற்று. இரண்டு பேருக்கும் பழக்கிவிட மிதுனாவை ஒரு மாதத்துக்கு எடுத்திருந்தார் முதலாளி சிவபாதசுந்தரம்.

"மாசக் கடைசியில எனக்கு உள்ளதைச் சொல்லவேணும்" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "முதல் கிழமையே ஒரு பிள்ளையின்ர பத்திரத்தில வேறொரு தாயின்ர பேர் ஏறிப்போச்சு. நல்ல காலம், கையெழுத்து வைக்கேக்கை கண்டன். பழகாத ஆளை நான் வைச்சிருக்க ஏலாது."

அந்தப் பிழையை விட்டது யார் என்று மிதுனா கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டுமா?

"பிள்ளை! முந்தி வலது பக்கத்தை அமத்தினால் கொப்பி, பேஸ்ட் எண்டு எழுத்தில வரும். இப்ப குட்டிக் குட்டிப் படமெல்லோ வருது?"

"ரெண்டு கடதாசி ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்குதே, அதுதான் கொப்பி."

"உரத்துச் சொல்லுங்கோ, ஃபான் சத்தத்தில விளங்கேல்லை!"

"ரெண்டு கடதாசிதான் கொப்பி! கத்தரிக்கோல் வெட்டுறதுக்கு!"

நாகேஸ்வரி நிமிரவே மாட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். குனிந்த தலையோடு தட்டிக்கொண்டே இருப்பார். புஷ்பராஜ் கத்தும்போது மட்டும் அவருடைய கைகள் நின்றுவிடும். பாவம், இந்த ஆரவாரத்துக்குள் அந்த அன்ரி எப்படித்தான் வேலை செய்கிறாவோ என்று மிதுனா நினைத்துக்கொள்வாள்.

"பிள்ளை! மூண்டு பைல் திறந்தனான். ஒண்டுதான் தெரியுது. மற்ற ரெண்டும் கிருலப்பனைக்குப் போட்டுதோ?"

மிதுனாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"மூண்டும் அந்த ஒரு படத்துக்குள்ளதான் நிக்குது. மவுசை அதுக்கு மேல வையுங்கோ, எல்லாம் எட்டிப் பாக்கும். பேரைப் பார்த்திட்டு அமத்துங்கோ."

"பேரைப் பார்த்திட்டோ?"

"பேரைப் பார்த்திட்டு, அங்கிள்! இல்லாட்டி ஒருத்தற்ற அம்மாவை இன்னொருத்தருக்குக் குடுத்துப் போடுவியள்!"

புஷ்பராஜ் நல்ல மனிதர். தேநீர் நேரத்தில் தன்னுடைய பற்றிஸில் ஒன்றை அவளுக்கென்று எடுத்து வைப்பவர். அதனால்தான் வியாழக்கிழமை பின்னேரம் அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்கிள், நாளைக்கு சேர் கேப்பார். இண்டைக்கு நிண்டு ஒருக்காப் பழகிப் பாப்பமே?"

"உள்ளதைச் சொல்லுங்கோ, பிள்ளை. நான் கோவிக்கமாட்டன்."

வெள்ளிக்கிழமை முதலாளியின் அறைக்குள் மிதுனா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"நாகேஸ்வரி அன்ரி நல்லாப் பழகீட்டா, சேர். இப்ப ஒரு பிழையும் வாறேல்லை. புஷ்பராஜ் அங்கிளுக்குத்தான்... இன்னும் கொஞ்ச நாள் குடுத்துப் பாக்கலாம் எண்டு..."

சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"புஷ்பராஜுக்கோ? ஆளின்ர வீட்டில ரெண்டு வருசமா இதே மாதிரிக் கொம்பியூட்டர் ஒண்டு நிக்குது. கனடாவில இருக்கிற மகளோட கதைக்கிறது அதிலதான். எங்களுக்கு எது வாங்கவேணும் எண்டு சொன்னதே அவர்தானே! நான் யோசிச்சது நாகேஸ்வரியை. அவவும் பழகீட்டாவெண்டால் பிறகென்ன, ரெண்டு பேரும் இருக்கட்டும்."

புஷ்பராஜ் படிக்கட்டில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். மிதுனா நேரே அவரிடம் வந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுமாம்! பிறகேன் அங்கிள் ஒரு மாசமா என்ர தொண்டைத் தண்ணியை வத்த வைச்சனீங்கள்?"

அவர் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, மெல்லிய குரலில் கேட்டார்.

"நாகேஸ்வரிக்கு வேலை இருக்குத்தானே?"

"ஓம், இருக்கு."

"அப்ப எனக்கு அது காணும். திங்கக்கிழமையில இருந்து கத்தமாட்டன்."

மிதுனா கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்தாள். நாகேஸ்வரி மவுசை அந்த ஒற்றைப் படத்துக்கு மேல் வைத்தார். மூன்று பைலும் எட்டிப் பார்த்தன. விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசித்துவிட்டு, சரியானதை அமத்தினார்.

மிதுனா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் அங்கிள் இவ்வளவு பாடுபட்டனீங்கள்? அன்ரி என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லிக் குடுத்திருப்பனே!"

புஷ்பராஜ் வெறும் கோப்பையைப் படிக்கட்டில் வைத்தார்.

"கேட்டவ, பிள்ளை. முதல் நாளே கேட்டவ. நீங்கள் சிரிச்சுப்போட்டீங்கள்."