பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே

"பச்சையா, சிவப்பா? இன்னைக்கே சொல்லிடு, முயிவா."

அம்மா பச்சைத் துணியைக் கட்டிலில் விரித்தாள். "என் தம்பி பொண்ணு கல்யாணம். நம்ம வீட்டு ஆளுங்க மொத்தப் பேரும் பச்சை. நீ மட்டும் சிவப்புல வந்தா என்னை என்னன்னு பேசுவாங்க?"

"மாப்பிள்ளை என் தம்பியாச்சே, அத்தை." மனைவி மொரெனிகே சிவப்புத் துணியை அதன் மேலேயே விரித்தாள். "எங்க வீட்டுல எல்லாரும் சிவப்பு. மூத்த மருமகன் மட்டும் பச்சையில வந்து நின்னா, பொண்டாட்டி வீட்டை மதிக்கலைன்னுதானே அர்த்தம்?"

நைஜீரியாவின் இபாடான் நகரில் டாக்டர் முயிவாவிடம் இதயத்தைக் காட்ட மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கத்தி பிடித்த கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. இந்த இரண்டு துணிகளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது.

"யோசிச்சுச் சொல்றேன்."

"ம்க்கும். யோசிச்சே கல்யாணத்தை முடிச்சுடு," என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு முதல் நாள். மனைவி சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள்.

"பச்சையே போட்டுக்கோங்க, ரோலா அப்பா. அத்தை பாவம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அப்பாடா என்று வெளியே வந்தார். கார் பக்கத்தில் அம்மா நின்றாள்.

"சிவப்பையே போட்டுக்கடா. அவ பொறந்த வீட்டுக்காரங்க முன்னால தலை குனியக் கூடாது. நான் சொன்னதா மூச்சு விடாதே."

டாக்டர் காருக்குள் உட்கார்ந்து யோசித்தார். விட்டுக்கொடுக்கிறார்களா, ஆழம் பார்க்கிறார்களா? பச்சை போட்டால் அம்மா சொன்னதைத் தட்டியதாகும். சிவப்பு போட்டால் மனைவி சொன்னதை.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். இருவருக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: 'அவசர ஆபரேஷன். காத்திருக்க வேண்டாம்.'

சந்தேகம் வராமலிருக்க நீல நிற ஆபரேஷன் உடையையும் மாட்டிக்கொண்டு, தன் அறையில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படித்தார்.

கதவு திறந்தது.

"பட்டினி கிடப்பியேன்னு சோறு கொண்டுவந்தோம்டா," என்றபடி அம்மா நுழைந்தாள். தலைக்கட்டிலிருந்து கால்வரை சிவப்பு. பின்னாலேயே மனைவி, முழுக்கப் பச்சை.

"என்னம்மா இது!"

"உனக்கு எதுக்குத் தர்மசங்கடம்னு, உன் பொண்டாட்டி வீட்டுத் துணியை யாருக்கும் தெரியாம தைச்சுக்கிட்டேன். காலையில வாசல்ல பாத்தா, இவ நம்ம வீட்டுத் துணியில நிக்கிறா! சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது."

"இனிமே நீங்க எதைப் போட்டாலும் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது," என்ற மொரெனிகே, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆபரேஷன் முடிஞ்சுதா? உடுப்புல ஒரு சொட்டு ரத்தம்கூடக் காணோம்?"

டாக்டர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார்.

அவர் மடியில் கிடந்த பேப்பரை அம்மா எடுத்து மடித்து வைத்தாள்.

"நாங்க ஒருத்தர் வீட்டுத் துணியை ஒருத்தர் கட்டிக்கிட்டோம். நீ யார் வீட்டுத் துணியைடா கட்டியிருக்கே?"