நாலாவது பாடம்

"மூணு பாடத்துக்கே மூச்சு முட்டும். நாலாவதா ஸ்பானிஷ் எதுக்கும்மா?" என்று பதறினார் லீட்ஸ் நகரத் தபால்காரர் கிரெய்க்.

"ஆசையா இருக்குப்பா," என்றாள் மகள் ஃபிரேயா. நம்ம ஊர் பிளஸ் ஒன் மாதிரி, ஆனால் மூன்றே பாடம் எடுத்தால் போதும் என்கிற ஏ-லெவல் படிப்பில் சேரப்போகிறாள்.

மனைவி ட்ரேசி கணவர் பக்கம் திரும்பினாள். "விட்டுடாத கிரெய்க்! அவ பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்கறதை அப்புறம் எப்படிப் பேசறது?"

"கிளாஸ்ல இடமில்லைன்னு புளுகிடுவோம்."

ஃபிரேயா டீயில் பிஸ்கெட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன் இருவரும் ஸ்பெயினில் ஹோட்டல் வேலை பார்த்தவர்கள். மகளுக்குத் தெரியக்கூடாததை எல்லாம், அவள் பிறந்ததிலிருந்தே அவள் முன்னால் ஸ்பானிஷில்தான் பேசுவார்கள். இப்போதும் அப்படித்தான்.

"நாய்க்குட்டி கறுப்பா இருக்கட்டும். அப்புறம், ஸ்பானிஷ் பரீட்சையில படிக்காமலே மார்க் வரும்போது விடுவானேன்?" என்றாள் ஃபிரேயா, அழகான ஸ்பானிஷில்.