மழை வரைந்த மரம்

நிலத்தில் குளமும் வாய்க்காலும் எங்கே வெட்டுவதென்று மழையையே கேட்டுவிடலாம் என்றான் ஞானசேகர். முதல் மழை ஓடிய தடமெல்லாம் ஈரம் காய்வதற்குள் சுண்ணாம்புத் தூளைத் தூவி முடித்துவிட்டு, "மொட்டை மாடியில ஏறிப் பாரு தமயந்தி, எப்படி வந்திருக்குன்னு!" என்று மனைவியிடம் கத்தினான்.

அவள் பார்த்தாள். சரிவு முழுக்க ஒரு வெள்ளை மரம் படுத்திருந்தது. மேட்டில் மெல்லிய சுள்ளிகள், அவை சேர்ந்து கிளைகள், கிளைகள் சேர்ந்து ஆள் அகலத்துக்கு ஓர் அடிமரம். அது நேராக வந்து அவர்கள் வீட்டு வாசற்படியில் முட்டி நின்றது. புல் பச்சையாக இருந்த இடமென்று ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. அங்கே மட்டும் ஏன் பச்சை என்று இருவருமே யோசிக்கவில்லை.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்துச் சுள்ளிகள் ஒவ்வொன்றாக அழிய ஆரம்பித்தன; பிறகு கிளைகள். கரைந்த சுண்ணாம்பு பால்போலத் திரண்டு அடிமரத்தில் இறங்கியது.

"பாப்பாவைத் தூக்குங்க!" அடித்த காற்றில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கீழே வாசலில் அவன், உள்ளே தூங்கும் குழந்தைமேல் சாரல் அடித்துவிடக் கூடாதென்று, கதவை இழுத்து வெளியே தாழ் போட்டுக்கொண்டிருந்தான்.