கொடிக்காலில் நீளாத கை

பேய்ப் படம் என்று போய் உட்கார்ந்தால், படத்தில் பேயே வரவில்லை.

மறுநாள் காலை, சோழவந்தானில் மலையாண்டியின் கொடிக்கால் ஓரத்துக் கொட்டகையில் இதுதான் பேச்சு. கிள்ளி வந்த வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டிக்கொண்டே ஆளாளுக்குப் படத்தைப் பிய்த்து எறிந்தார்கள்.

"எங்க வீட்டுப் பூனை குறுக்க ஓடியிருந்தாக்கூட இதைவிடப் பயந்திருப்பேன்" என்றான் சோணை.

"படத்துல அந்தப் பிள்ளை அழுததுக்குத்தான் எனக்குப் பயம். எங்க நிறுத்தாமப் போயிருமோன்னு" என்றாள் ராமக்காள்.

"கடைசிவரைக்கும் நிம்மதியா முறுக்குத் தின்னேன். பேய்ப் படத்துல முறுக்கு எறங்குச்சுன்னா அது என்ன படம்?" என்றான் சுருளி.

மலையாண்டி குனிந்த தலை நிமிராமல் இலையை எண்ணினான். இவர்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போனதே அவன்தான்.

வாரப் பத்திரிகையில் அந்தத் தொடர்கதை வந்த முப்பது வாரமும், சலூனில் இரவல் வாங்கி வந்து இதே கொட்டகையில் உரக்கப் படித்துக் காட்டியவன் அவன். கதையில் ஒரு கட்டம் உண்டு. விடிவதற்கு முன்னால் ஒருத்தி கொடிக்காலுக்குள் தனியாகப் போவாள். அகத்தி மரத்தில் படர்ந்த வெற்றிலைக் கொடி மெல்ல விலகும். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீளும். அதைப் படித்த அன்றைக்குக் கவுளி கட்டியவர்கள் எல்லாருக்கும் எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

அதே கதை படமாகி, மதுரையில் ஓடி முடித்து, ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்ததும் மலையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தக் கையைப் பார்த்துட்டு எவனுக்காவது காய்ச்சல் வரலேன்னா என்னைக் கேளுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தான்.

படத்தில் கை வரவில்லை. அவள் கொடிக்கால் படலைத் திறந்தாள். அடுத்த நொடி கல்யாணப் பந்தலில் நாயனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, நெசத்தைச் சொல்லு. கதையில கைன்னு ஒண்ணு இருந்துச்சா, நீயாக் கட்டிவிட்டியா?" என்றான் சோணை.

"அச்சுல இருந்ததத்தாண்டா படிச்சேன்."

"அப்ப அந்தப் பத்திரிகையக் காட்டு."

எங்கே காட்டுவது? சலூன்காரர் அதையெல்லாம் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்.

"அம்புட்டும் ஓஞ் சரக்குத்தானா தம்பி? அது தெரியாம நான் ரெண்டு வருசமா வேப்பிலையைச் சொருகிக்கிட்டுல்ல வேலைக்கு வாரேன்" என்றாள் ராமக்காள்.

கொட்டகையே சிரித்தது. மலையாண்டிக்கு முகம் செத்துவிட்டது. இனி அவன் எதைப் படித்தாலும் புளுகு என்றுதானே சொல்வார்கள்? 

"எனக்குப் படம் பிடிச்சுத்தான் இருந்துச்சு" என்றாள் அவன் மனைவி பாண்டியம்மாள், கவுளியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுக்கு அது கூடுதல் எரிச்சல்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, வெற்றிலை எடுக்க வந்த மதுரை வியாபாரி மலையாண்டியிடம் ஒரு சேதி சொன்னார். அங்கே ஓடிய படத்தில் கை இருந்ததாம். தியேட்டரில் பாதிப் பேர் வீலென்று கத்தினார்களாம்.

மலையாண்டி சைக்கிளை எடுத்தான்.

டாக்கீஸில் ஆபரேட்டர் அப்துல் அலீம் சாயங்கால ஆட்டத்துக்குப் படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், கையை எங்க வச்சிருக்கீங்க?"

"எந்தக் கைண்ணே? பெட்டி வந்தபடி ஓட்டுறேன், அம்புட்டுத்தான்."

"மதுரையில இருந்த கை, வார வழியில வைகையில விழுந்திருச்சாக்கும்?"

அலீம் சுருளைக் கீழே வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே துண்டுப் படச்சுருள்.

"நாந்தான் வெட்டினேன். ரெண்டு நிமிசத்துப் படம். பெட்டியைத் திருப்பி அனுப்புறப்ப ஒட்டிருவேன்."

மலையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பொம்பளைங்க பயந்துக்கிட்டு இலை கிள்ள வரமாட்டாங்கன்னு வெட்டினீங்களாக்கும்? கிளம்புங்க பாய். கொட்டகைக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. ஊரே என்னைப் புளுகன்னு சொல்லுது."

"ஏன் வெட்டினேன்னு கேப்பாங்களேண்ணே."

"கேட்டா அதையும் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க."

அலீம் டப்பாவை மூடினார்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருந்துச்சு. நீங்க விடமாட்டேங்கிறீங்க."

"எந்தத் தங்கச்சி?"

"உங்க வீட்டுலதாண்ணே. பெட்டி வந்த அன்னைக்கே வந்துச்சு. 'அந்தக் கதையப் படிச்சதுலேருந்து அவரு விடியக்காலம் தண்ணி பாய்ச்சத் தனியாப் போறதில்ல, பாய். கேட்டா மனசு சங்கடப்படும்னு, வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லி, நாந்தான் லாந்தரைத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்குறேன். கண்ணாலயும் பார்த்துட்டாருன்னா பகல்லயும் தொணைக்குப் போகணும். நான் சோறு பொங்குறதா வேணாமா?'ன்னு கேட்டுச்சு. என்னால தட்ட முடியல."

இரண்டு வருடமாகப் பயந்தாங்கொள்ளிப் பெண்டாட்டியைக் கட்டி மேய்ப்பதாகத்தான் மலையாண்டி நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி அவள்மேல் பிரியமும் பொங்கி வந்தது. எதைக் காட்டுவதென்று தெரியாமல் வெளியே வந்து சைக்கிள் மணியைத் துடைத்தான்.

அலீம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்கண்ணே, போயி எல்லாத்தையும் சொல்லிருவோம்."

மலையாண்டி அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தான்.

"விடுங்க பாய். கதையைப் படமா எடுத்து எது உருப்பட்டிருக்கு?"